பின்தங்கிய பகுதிகளில் கலைக்கும் தொழிற்பயிற்சிக்கும் அரசு நிதி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தங்கள் பகுதியில் ஒரு நாடகக் குழுவோ இசை வகுப்போ ஓவியப் பட்டறையோ நடத்திக்கொண்டு, அதோடு சேர்த்து இளைஞர்களுக்குத் தொழிலும் கற்றுக்கொடுக்க நினைப்பவர்களுக்காக எழுதியது இது. நிதி கொடுக்கும் இடத்தில் இருப்பவர்களும் படித்தால் நல்லது. சில பதில்கள் அவர்களுக்கும் சேர்த்துத்தான்.

சமூகக் கலை என்று எதைச் சொல்கிறீர்கள்?

ஒரு குடியிருப்பில் வாழ்கிறவர்கள் தாங்களே கூடிச் செய்கிற கலையை. பயிற்சி பெற்ற கலைஞர் ஒருவர் கூட இருப்பார். ஆனால் என்ன செய்வது, யாரைப் பற்றிச் செய்வது, எங்கே காட்டுவது என்பதை அங்கே வாழ்கிறவர்கள் முடிவு செய்வார்கள். பிள்ளைகளை வேனில் ஏற்றி நகரத்து அரங்கத்துக்குக் கூட்டிப்போய் ஒரு நாள் நாடகம் காட்டுவதும் நல்ல காரியம்தான். அதற்குத் தனியாக நிதி உண்டு, இங்கே பேசுவது அதைப் பற்றி அல்ல.

சாக்கடையே சரியில்லாத இடத்தில் பாட்டுக்கும் ஓவியத்துக்கும் அரசுப் பணம் எதற்கு?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களில் பெரும்பாலோர் அதே பகுதியில் வாழ்கிறவர்கள். அதனால் இதற்கு மரியாதையோடு பதில் சொல்ல வேண்டும்.

முதலில், சாக்கடைக்கு ஒதுக்கிய பணத்தை எடுத்து யாரும் ஓவியத்துக்குக் கொடுக்கப் போவதில்லை. கலைக்கென்று ஒரு தொகை பெரும்பாலான அரசுகளின் பட்ஜெட்டில் ஏற்கெனவே இருக்கிறது. அது எங்கே போகிறது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. வழக்கமாக நகர மையத்தில் இருக்கும் பெரிய அரங்கங்களுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் பெயர்பெற்ற விழாக்களுக்கும் போகிறது. ஒரு சோப்புக்கட்டி வாங்கும்போதே வரி கட்டிவிடுகிற ஏழைக் குடும்பத்துக்கும் அந்தப் பணத்தில் பங்கு உண்டு. அந்தப் பங்கு அவர்கள் வாழும் தெருவுக்கு வர வேண்டும் என்று கேட்பது சலுகை கேட்பதாகாது.

இன்னொன்று. வாரத்தில் இரண்டு நாள் ஒத்திகைக்குக் கூடுகிறவர்கள் ஒருவரை ஒருவர் தெரிந்துகொள்கிறார்கள். நாலு பேர் முன்னால் நின்று பேசக் கூச்சம் போகிறது. சாக்கடைக்காக மனு எழுதி அதிகாரியைப் பார்க்கப் போகும்போது அந்தப் பழக்கம் உதவும். இதைப் பெரிதுபடுத்திச் சொல்லவும் கூடாது. நாடகம் போட்டதால் தண்ணீர் வந்துவிடாது.

இப்படி அரசு பணம் கொடுத்த வரலாறு உண்டா?

நிறைய உண்டு. அமெரிக்காவில் பெரும் பொருளாதார மந்தத்தின்போது, 1935இல், ரூஸ்வெல்ட் அரசு வேலையில்லாதவர்களுக்கான மிகப் பெரிய வேலைத் திட்டத்தைத் தொடங்கியது. சாலை, பாலம், பள்ளிக்கூடம் கட்டியதோடு ஓவியர்கள், இசைக் கலைஞர்கள், நடிகர்கள், எழுத்தாளர்களையும் சம்பளத்துக்கு வைத்தது. பட்டினி கிடக்கிற கொத்தனாருக்கு வேலை கொடுப்பதுபோல் பட்டினி கிடக்கிற ஓவியருக்கும் வேலை கொடுக்கலாம் என்பதுதான் நியாயம். நாடெங்கும் நூற்றுக்கும் மேற்பட்ட சமூகக் கலை மையங்கள் அந்தத் திட்டத்தில் உருவாயின. நியூயார்க்கில் கறுப்பின மக்கள் வாழ்ந்த ஹார்லெமில் 1937இல் ஒரு மையம் திறந்தது. சிற்பி அகஸ்டா சாவேஜ் அதன் முதல் இயக்குநர். வகுப்புகள் இலவசம்.

அடுத்து 1973. அமெரிக்காவிலேயே, அதிபர் நிக்சன் காலத்தில் ஒரு வேலைவாய்ப்புப் பயிற்சிச் சட்டம் வந்தது. அதில் கலை என்ற பேச்சே பெரிதாக இல்லை. வேலையில்லாதவர்களைப் பொதுச் சேவையில் அமர்த்த உள்ளாட்சிகளுக்குப் பணம், அவ்வளவுதான். வேலையில்லாத கலைஞரும் வேலையில்லாதவர்தானே என்று சான் பிரான்சிஸ்கோவில் சிலர் யோசித்தார்கள். 1974இலிருந்து அந்தப் பணத்தில் கலைஞர்கள் பள்ளிகளிலும் குடியிருப்புகளிலும் மாதச் சம்பளத்துக்கு வேலை செய்தார்கள். மற்ற நகரங்களும் பின்பற்றின. நாடு முழுக்க ஆயிரக்கணக்கான கலைஞர்கள் அதில் சம்பளம் வாங்கினார்கள். 1982இல் வேறு சட்டம் அந்த இடத்துக்கு வந்தது, கலைஞர்களுக்கான வாசல் மூடிக்கொண்டது.

பிரேசில் 2004இல் வேறு வழியில் போனது. இசைக் கலைஞர் ஜில்பெர்த்து ஜில் கலாச்சார அமைச்சராக இருந்த காலம் அது. அரசு புதிதாகக் கட்டடம் எதுவும் கட்டவில்லை. குடிசைப் பகுதிகளிலும் கிராமங்களிலும் ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருந்த குழுக்களைத் தேடி அங்கீகரித்து, 'கலாச்சாரப் புள்ளிகள்' என்று பெயரிட்டு, சில ஆண்டுகளுக்குத் தவணையாகப் பணமும், தங்கள் கலையை ஒலியாகவும் படமாகவும் பதிவு செய்யவும் பரப்பவும் வேண்டிய கணினிக் கருவிகளும் கொடுத்தது. எனக்கு மிகவும் பிடித்த திட்டம் இது. இருப்பதை மதித்து அங்கிருந்து தொடங்கியது.

கலையும் தொழிற்பயிற்சியும் ஒரே திட்டத்தில் எப்படிச் சேரும்?

இரண்டு விதமாகச் சேரலாம். கலையே தொழிலைக் கற்றுக்கொடுக்கலாம். அல்லது ஒரே கூரையின் கீழ் இரண்டும் தனித்தனியாக நடக்கலாம்.

முதல் வகைக்கு அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரத்துச் சுவரோவியத் திட்டத்தைப் பாருங்கள். 1984இல் மாநகராட்சி, சுவரில் கிறுக்குவதைத் தடுக்க ஒரு முயற்சி தொடங்கியது. கிறுக்கிய இளைஞர்களையே ஓவியம் வரைய அழைத்தார்கள். பிறகு அது நகரமெங்கும் ஆயிரக்கணக்கான சுவரோவியங்களாக வளர்ந்தது. சிறையிலிருந்து திரும்பியவர்களுக்குச் சம்பளத்தோடு தொழில் பழக்கும் பிரிவும் அதில் இருக்கிறது.

அங்கே பெரிய சுவரோவியம் பெரும்பாலும் நேராகச் சுவரில் வரையப்படுவதே இல்லை. முதலில் மாதிரிப் படத்தில் கட்டம் போடுகிறார்கள். ஒவ்வொரு கட்டத்தையும், சுவரோவியக்காரர்கள் 'பாராசூட் துணி' என்று சொல்லும் நெய்யாத மெல்லிய துணியில் பெரிதாக்கி, கோடு இழுத்து, எந்த இடத்துக்கு எந்த நிறம் என்று எண் போடுகிறார்கள். அந்தத் துணிகள் பள்ளிக்கூடத்துக்கும் முதியோர் இல்லத்துக்கும் சிறைக்கும் போகின்றன. தூரிகையே பிடித்திராதவரும் எண்ணைப் பார்த்து நிறம் தீட்டலாம். திரும்பி வந்த துணிகளைச் சாரத்தின் மேல் நின்று, அக்ரிலிக் பசை தடவி, சுருக்கம் இல்லாமல் அழுத்தி ஒட்டுகிறார்கள். இதில் வேலை பழகும் பையன் சுவரைச் சுரண்டிச் சுத்தம் செய்து பிரைமர் அடிக்கக் கற்றுக்கொள்கிறான். சாரத்தில் பாதுகாப்பாக நிற்கப் பழகுகிறான். சதுர அடிக்கு எவ்வளவு பெயிண்ட் என்று கணக்குப் போடுகிறான். பெயிண்டிங் கான்ட்ராக்டர் ஒருவருக்கு இதைவிட என்ன வேண்டும்?

இரண்டாம் வகைக்கு அதே நாட்டின் பிட்ஸ்பர்க் நகரம். பள்ளியில் ஓர் ஆசிரியரிடம் மட்பாண்டம் கற்றுத் தன் வாழ்க்கை திசை மாறிய பில் ஸ்ட்ரிக்லண்ட், 1968இல் தன் பகுதியிலேயே பிள்ளைகளுக்கு மட்பாண்டப் பட்டறை தொடங்கினார். 1972இல் நலிந்துபோயிருந்த ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தின் பொறுப்பும் அவரிடம் வந்தது. இரண்டையும் சேர்த்தே நடத்தினார். ஒரு பக்கம் பிள்ளைகள் களிமண் பிசைய, இன்னொரு பக்கம் பெரியவர்கள் சமையல் தொழிலும் ஆய்வகத் தொழில்நுட்பமும் படித்தார்கள். ஏழைகளுக்கான கட்டடம் என்றால் மங்கலாகத்தான் இருக்க வேண்டுமா என்று கேட்டவர் அவர். வெளிச்சமும் பூக்களும் நல்ல மரச்சாமான்களும் உள்ள இடமாக அதைக் கட்டினார். அந்தச் செலவை வீண் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

பயிற்சி முடித்தால் வேலை கிடைக்குமா?

கலை வகுப்பு மட்டும் என்றால், உறுதி சொல்ல முடியாது. உறுதி சொல்லி ஆள் சேர்ப்பது அநியாயம். ஏற்கெனவே இரண்டு மூன்று பயிற்சிகளை முடித்துச் சான்றிதழ்களை அடுக்கி வைத்திருக்கிற இளைஞர்கள் இந்தப் பகுதிகளில் ஏராளம். இன்னொரு சான்றிதழ் அவர்களுக்கு எதற்கு?

வேலையாக முடிகிற பயிற்சிக்குச் சில அடையாளங்கள் உண்டு. அமெரிக்காவின் சான் அன்டோனியோவில் ஆலை மூடி நிறையப் பேர் வேலை இழந்தபின், தேவாலயங்களைச் சார்ந்த சமூக அமைப்புகள் சேர்ந்து 1992இல் 'குவெஸ்ட்' என்ற பயிற்சித் திட்டத்தைத் தொடங்கின. பொதுநிதியில் நடந்தது. எந்தத் துறையில் ஆள் தேவை என்று வேலை கொடுப்பவர்களிடம் முதலில் கேட்டார்கள். அப்புறம்தான் பாடம். கட்டணம், பயணச் செலவு, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு எல்லாவற்றுக்கும் உதவினார்கள். ஆலோசகர் வாராவாரம் சந்தித்தார். குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்துப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தபோது, இதில் சேர்ந்தவர்களின் வருமானம் சேராதவர்களைவிட உயர்ந்திருந்தது.

கலைத் துறையிலும் இதே பாடம்தான். மேடையில் நிற்பவர் ஒருவர், பின்னால் நிற்பவர் பலர். லைட்டிங், ஒலி அமைப்பு, மேடைத் தச்சு, உடை தைப்பது, வீடியோ எடிட்டிங், அச்சு வேலை, நிகழ்ச்சிக் கணக்கு பார்ப்பது. உங்கள் ஊரில் இந்த வேலைகளுக்கு ஆள் எடுப்பவர்கள் யார் என்று பட்டியல் போட்டு, அவர்களைப் பார்த்துப் பேசிவிட்டுப் பாடத்திட்டம் எழுதுங்கள். முன்பு எழுதாதீர்கள்.

பயிற்சிக்கு வருபவர்களுக்குப் பணம் கொடுக்க வேண்டுமா?

கண்டிப்பாகக் கொடுக்க வேண்டும். அன்றாடம் கூலிக்குப் போய் வீட்டுக்குக் கொடுக்கிற பையனிடம் ஆறு மாதம் சும்மா வந்து கற்றுக்கொள் என்றால், வர முடிந்தவர்கள் மட்டுமே வருவார்கள். அதாவது, ஓரளவு வசதி உள்ளவர்கள். பாஸ்டனில் 1991இல் தொடங்கிய 'ஆர்ட்டிஸ்ட்ஸ் ஃபார் ஹ்யுமானிட்டி' என்ற அமைப்பில் பதின்வயதினர் வெளியாட்களின் ஆர்டருக்கு ஓவியமும் வடிவமைப்பும் செய்து மணிக்கணக்கில் கூலி வாங்குகிறார்கள். அங்கே கற்றுக்கொள்வதும் சம்பாதிப்பதும் ஒன்றாக நடக்கிறது.

நிதி குறைந்தால் முதலில் வெட்டப்படுவது இந்த உதவித்தொகைதான். தயவுசெய்து வெட்டாதீர்கள். ஆட்களின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டு, வருபவர்களுக்கு முழுமையாகக் கொடுங்கள்.

எந்தத் துறையிடம் கேட்பது?

கலைத் துறையிடம் மட்டும் போய் நிற்காதீர்கள், அங்கே பணம் குறைவு, போட்டி அதிகம். தொழிலாளர் நலம், திறன் மேம்பாடு, கல்வி, சமூக நலம், சுகாதாரம், உள்ளாட்சி எல்லாமே பார்க்க வேண்டிய இடங்கள். வெனிசுவேலாவில் 1975இல் ஹோசே அந்தோனியோ அப்ரேயு தொடங்கிய இளையோர் இசைக்குழு இயக்கமான 'எல் சிஸ்தேமா' பல ஆண்டுகள் அரசின் சமூக நல அமைச்சகங்கள் வழியாகத்தான் நிதி பெற்றது. ஆட்சிகள் மாறியும் அது நீடித்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒரே வேலையை ஒவ்வொரு துறைக்கும் அதனதன் அக்கறைக்கு ஏற்பச் சொல்லலாம், தவறில்லை. ஒரே செலவை இரண்டு துறையிடமும் கணக்குக் காட்டி வாங்குவது குற்றம். எந்தச் செலவு எந்த நிதியில் என்று முதல் நாளிலிருந்தே தனித்தனியாக எழுதி வையுங்கள்.

எங்கள் குழு பதிவு செய்யப்படவில்லை. விண்ணப்பிக்கலாமா?

பெரும்பாலும் நேரடியாக முடியாது. பதிவு பெற்ற நம்பகமான அமைப்பு ஒன்றின் கீழ் விண்ணப்பிக்கலாம். பணம் அவர்கள் கணக்குக்கு வரும், நிர்வாகச் செலவுக்கு ஒரு பங்கு எடுத்துக்கொள்வார்கள். எவ்வளவு பங்கு, எத்தனை நாளில் பணத்தை உங்களிடம் கொடுப்பார்கள், வாங்கிய கருவிகள் யாருக்குச் சொந்தம் ஆகிய மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். நண்பர்கள்தானே என்று வாய்ப்பேச்சில் விடுகிற இடத்தில்தான் மனக்கசப்பு வருகிறது.

வரவு செலவுத் திட்டத்தில் எதை மறந்துவிடுகிறோம்?

கணக்கு எழுதுபவரின் சம்பளம். மின்கட்டணம். கருவி பழுது. காப்பீடு. தாய்மார்கள் வந்தால் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள். கடைசி அறிக்கை எழுத ஆகும் நேரம். இவற்றைச் சேர்த்தால் தொகை கூடிவிடுமே என்று பயந்து விட்டுவிட்டு, பிறகு நடத்துபவரே கைக்காசு போடுகிறார். நிதி கொடுப்பவர்களுக்கும் சொல்கிறேன்: நிர்வாகச் செலவு குறைவாகக் காட்டுகிற குழு சிக்கனமானது என்று முடிவு கட்டாதீர்கள். அங்கே யாரோ சம்பளம் இல்லாமல் ராத்திரி உட்கார்ந்து ரசீது ஒட்டிக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம்.

செலவு செய்து பில் கொடுத்தால்தான் பணம் வரும் என்கிறார்கள். எங்களிடம் முன்பணம் இல்லையே?

சின்னக் குழுக்கள் மூச்சுத் திணறுவது இந்த இடத்தில்தான். மாதக் கடைசியில் பயிற்சியாளருக்குச் சம்பளம் கொடுத்தாக வேண்டும். பில், வவுச்சர், வருகைப் பதிவேடு எல்லாம் இணைத்து அனுப்புகிறீர்கள். மூன்று வாரம் கழித்து, ஒரு நாள் வருகைப் பதிவேட்டில் ஒரு கையெழுத்து விட்டுப்போயிருக்கிறது என்று கோப்பு திரும்பி வருகிறது. கையெழுத்து போட வேண்டியவர் அதற்குள் வேறு ஊருக்குப் போயிருப்பார். சரிசெய்து அனுப்பி, பணம் வருவதற்குள் இரண்டு மாதச் சம்பளம் பாக்கி. நல்ல பயிற்சியாளர்கள் இப்படித்தான் கைவிட்டுப் போகிறார்கள்.

செய்யக் கூடியவை: ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே முதல் தவணையை முன்பணமாகக் கேளுங்கள். பல திட்டங்களில் அதற்கு இடம் இருக்கும், கேட்டால்தான் சொல்வார்கள். வருகைப் பதிவேட்டை அன்றன்று மாலையே ஒருவர் சரிபார்க்கட்டும். சம்பளப் பாக்கி வராமல் இருக்க எவ்வளவு கையிருப்பு வேண்டும் என்று கணக்குப் போட்டு, அதைத் திரட்டிய பிறகே தொடங்குங்கள்.

பிரேசிலின் கலாச்சாரப் புள்ளிகள் திட்டத்திலும் இதே கதைதான். பெரிய நிறுவனங்களுக்காக எழுதிய கணக்கு விதிகளைச் சின்னக் கலைக் குழுக்கள் மேல் சுமத்தியதால் பல குழுக்கள் கணக்குச் சிக்கலில் மாட்டின. 2014இல் தனிச் சட்டம் கொண்டுவந்து நடைமுறையை எளிமையாக்கினார்கள். விதியை மாற்ற முடியும் என்பதற்கு இது சாட்சி. நிதி கொடுப்பவர்களிடம் இதை எடுத்துக் காட்டுங்கள்.

உண்மையில் ஏழைப் பிள்ளைகளுக்குத்தான் போய்ச் சேர்கிறதா?

தானாகப் போய்ச் சேராது. எல் சிஸ்தேமாவைப் பற்றி அமெரிக்க நாடுகளுக்கிடையிலான வளர்ச்சி வங்கி ஒரு பெரிய ஆய்வு செய்தது. 2,900க்கும் மேற்பட்ட பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் பிரித்துப் பார்த்தார்கள். சுயக்கட்டுப்பாட்டில் ஓரளவு முன்னேற்றம் தெரிந்தது. சில பிள்ளைகளிடம் முரட்டுத்தனம் குறைந்தது. ஆனால் முக்கியமான இன்னொன்றும் தெரிந்தது. சேர வந்த பிள்ளைகளில் ஏழைகள் சுமார் 17 சதவீதம்தான். அவர்கள் வாழ்ந்த மாநிலங்களிலோ வறுமை சுமார் 47 சதவீதம். ஏழைகளுக்கான இயக்கம் என்று உலகமே பாராட்டிய ஒன்றில் இப்படி.

இதற்காக அந்த இயக்கத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. கதவைத் திறந்து வைத்தால் மட்டும் போதாது என்பதுதான் இதில் தெரிகிறது. தகவல் யாருக்கு முதலில் எட்டுகிறதோ, யாருக்கு நேரம் இருக்கிறதோ அவர்கள் முதலில் வருவார்கள். வீடு வீடாகப் போக வேண்டும். படிவத்தை அங்கேயே நிரப்பிக் கொடுக்க வேண்டும். இரண்டு வாரம் வராமல் போன பிள்ளையைத் தேடிப் போக ஒருவர் வேண்டும். அந்த ஒருவருக்கும் திட்டத்தில் சம்பளம் வேண்டும்.

பலனை எப்படிக் காட்டுவது?

சில விஷயங்களை மட்டும் அளந்து பாருங்கள், ஆனால் ஒழுங்காக. எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் முடித்தார்கள், இடையில் போனவர்கள் ஏன் போனார்கள், முடித்து ஆறு மாதத்திலும் ஒரு வருடத்திலும் என்ன வேலையில் இருக்கிறார்கள், என்ன சம்பளம். இது போதும். பகுதியில் குற்றம் குறைந்தது என்றெல்லாம் எழுதாதீர்கள். அதற்குப் பத்துக் காரணங்கள் இருக்கலாம், உங்களால் நிரூபிக்க முடியாது.

அரசுப் பணம் வாங்கினால் அரசை விமர்சித்து நாடகம் போட முடியுமா?

ஆபத்து உண்டு. 1935இன் அமெரிக்கத் திட்டத்தில் நாடகப் பிரிவு அன்றைய பிரச்சினைகளை வெளிப்படையாக மேடையேற்றியது. எதிர்ப்பு கிளம்பி, நாடாளுமன்ற விசாரணை நடந்து, 1939இல் அந்தப் பிரிவுக்கு மட்டும் நிதியை நிறுத்தினார்கள். பாதுகாப்பு என்பது பணம் ஒரே இடத்திலிருந்து வராமல் பார்த்துக்கொள்வது. தேர்வை அமைச்சரோ அதிகாரியோ செய்யாமல் கலைஞர்களும் அந்தப் பகுதி மக்களும் உள்ள குழு செய்யும்படி விதி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பகுதி அழகானால் வாடகை ஏறி எங்களையே வெளியேற்றிவிட மாட்டார்களா?

பல நகரங்களில் நடந்திருக்கிறது. நியாயமான பயம். ஹூஸ்டனில் கறுப்பின மக்கள் வாழும் ஒரு பகுதியில், இடிபட இருந்த 22 சின்ன வீடுகளை ரிக் லோவும் மற்ற கலைஞர்களும் 1993இல் எடுத்துச் சீரமைத்தார்கள். சில வீடுகள் கலைக்கூடங்கள். சிலவற்றில் சிறு குழந்தைகளோடு தனியாக வாழும் இளம் தாய்மார்கள் தங்கிப் படிக்கிறார்கள். பிறகு அதே முயற்சியிலிருந்து குறைந்த வாடகை வீடுகள் கட்டத் தனி அமைப்பும் பிறந்தது. சுவருக்கு வர்ணம் அடிக்கிற திட்டத்தோடு வீட்டுப் பாதுகாப்பையும் சேர்த்தே கேட்க வேண்டும். பிறகு கேட்டால் காலம் கடந்துவிடும்.

திட்டக் காலம் முடிந்ததும் எல்லாம் மூடிவிடுமே?

பெரும்பாலும் அப்படித்தான் ஆகிறது. ஓராண்டு நிதி என்றால் ஆள் சேர்க்க நாலு மாதம், நடத்த ஆறு மாதம், அறிக்கைக்கு இரண்டு மாதம். குறைந்தது மூன்று ஆண்டுகள் இல்லாத நிதியை வாங்கலாமா என்று ஒருமுறைக்கு இரண்டுமுறை யோசியுங்கள்.

சிகாகோவின் தென்பகுதிக் கலை மையம் 1940இல் திறந்தது. சீரமைப்புக்கும் ஊழியர் சம்பளத்துக்கும், மேலே சொன்ன 1935 அரசுத் திட்டம் பணம் கொடுத்தது. கட்டடத்தை மட்டும் அந்தப் பகுதிக் கறுப்பின மக்கள் விழா நடத்தியும் தெருமுனையில் சில்லறைக் காசு வசூலித்தும் தாங்களே வாங்கினார்கள். 1943இல் அரசுத் திட்டம் முடிந்தது. நாட்டின் மற்ற மையங்களில் பெரும்பாலானவை மறைந்துபோயின. இந்த மையம் அதே கட்டடத்தில் இன்றும் நடக்கிறது.

சரி, நாங்கள் எங்கே தொடங்குவது?

உங்கள் பகுதியில் ஏற்கெனவே என்ன நடக்கிறது என்று எழுதுங்கள். யார் பாடுகிறார்கள், யார் தைக்கிறார்கள், யாரிடம் ஒலிப்பெட்டி இருக்கிறது, எந்தக் கூடம் மாலையில் காலியாக இருக்கிறது. அப்புறம் ஆள் எடுப்பவர்கள் இரண்டு மூன்று பேரைப் பாருங்கள். கணக்கு எழுதத் தெரிந்த ஒருவரை முதல் கூட்டத்திலேயே உட்கார வையுங்கள். நிதி விண்ணப்பம் இவை மூன்றுக்கும் பிறகு. உள்ளாட்சியில் சின்னத் தொகை எதற்காவது கிடைத்தால் அதிலேயே ஒரு சுற்று நடத்தி, வருகைப் பதிவேடும் கணக்கும் சுத்தமாக வைத்துக்கொள்ளுங்கள். பெரிய துறையிடம் போகும்போது முதலில் அவற்றைத்தான் கேட்பார்கள்.